சார்ஜ் கன்ட்ரோலர் தவறான வோல்டேஜ் காட்டுவது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 24 வோல்ட் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலரை மாற்றித் தருவதும், பேட்டரிகளுக்கு ஏற்பட்ட பாதிப்புக்குப் பொறுப்பேற்பதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து மின் இணைப்பு கிடையாது. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி எல்லாமே உங்கள் நிறுவனம் பொருத்திக் கொடுத்த சோலார் அமைப்பில்தான் ஓடுகின்றன. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜையும், பேட்டரியிலிருந்து லோடுக்கு, அதாவது வீட்டு மின்சாதனங்களுக்குப் போகும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்துவது அதிலுள்ள சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து அதிகபட்ச மின்திறனை எடுக்கும் எம்பிபிடி வகை). 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு, இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் இணையாகச் சேர்த்திருக்கிறீர்கள். கொஞ்ச காலமாக விடிவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிடுகிறது. பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இதே நிலைதான்.

உங்கள் டெக்னீஷியன் வந்தார். கன்ட்ரோலர் திரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, "பேட்டரி போயிடுச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மல்டிமீட்டரை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் எழுதிய அறிக்கையை வைத்துத்தான் என் வாரன்டி கோரிக்கையை நிராகரித்திருக்கிறீர்கள். அந்த முடிவு தவறு. கோளாறு கன்ட்ரோலரில் இருக்கிறது.

நண்பகலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது திரை 28.8 வோல்ட் காட்டியது. அதே நேரம் கன்ட்ரோலரின் அடிமூடியைக் கழற்றி, பேட்டரி ஒயர் நுழையும் இரண்டு திருகுகளின் மேலேயே மீட்டர் முனைகளை வைத்தேன். மீட்டரில் 28.1 வந்தது. வேறொரு மீட்டரிலும் அதே அளவுதான். நீளமான ஒயரில் வோல்டேஜ் விழுவதாக உங்கள் தொலைபேசி உதவி மையத்தில் விளக்கம் தந்தார்கள். ஒயருக்கு முன்னால், கன்ட்ரோலரின் சொந்தத் திருகிலேயே அளக்கும்போது ஒயர் எங்கிருந்து குறுக்கே வரும்? இருந்தாலும் அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்று, இரவில் எல்லா லோடையும் நிறுத்திவிட்டுப் பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு மறுபடி அளந்தேன். கரன்ட் ஓடாதபோது ஒயரில் வோல்டேஜ் விழ வழியே இல்லை. அப்போது திரையில் 25.3, பேட்டரி டெர்மினலில் 24.6. அதே 0.7 வோல்ட் வித்தியாசம்.

வெப்பநிலை ஈடுகட்டலும் இதற்குக் காரணம் ஆகாது. அது எந்த வோல்டேஜ் வரை சார்ஜ் ஏற்ற வேண்டும் என்ற இலக்கைத்தான் கூட்டிக் குறைக்கும், அளந்து காட்டும் எண்ணை மாற்றாது.

0.7 வோல்ட் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வகை பேட்டரிக்கு ஓய்ந்த நிலையில் 25.3 என்றால் கிட்டத்தட்ட முழு சார்ஜ், 24.6 என்றால் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பேட்டரி நிறைந்துவிட்டது என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொண்டு கரன்டைக் குறைக்கிறது, பேட்டரியோ அரைகுறையாக நிற்கிறது. அப்புறம் ஃப்ளோட் நிலையில், அதாவது நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கக் குறைந்த வோல்டேஜ் கொடுக்கும் கட்டத்தில், 27.0 கொடுப்பதாகக் காட்டுகிறது, உண்மையில் கிடைப்பது 26.3. பேட்டரியை நிறைவாக வைத்திருக்க அது போதாது. இரவில் சேதம் வேறு விதமாக நடக்கிறது. லோடைத் துண்டிக்கும் அளவு 23.0 என்று வைக்கப்பட்டிருக்கிறது, கன்ட்ரோலர் உண்மையில் துண்டிப்பது 22.3-இல். குறைவாக ஏற்றி, அளவுக்கு மீறி இறக்கி, இரண்டு பக்கமும் என் பேட்டரிகளைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது இந்த ஒரே கோளாறு.

பேட்டரி தானாகக் கெட்டிருந்தால் வழக்கமாக ஏதாவது ஒரு செல் மற்றவற்றைவிடப் பின்தங்கும். பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். முழு சார்ஜில் 1.265 இருக்க வேண்டிய அடர்த்தி, 24 செல்களிலும் 1.205-க்கும் 1.215-க்கும் இடையில் ஒரே சீராக இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டம் சரி, டெர்மினல்கள் சுத்தம். நான்கு பேட்டரிகளும் ஒன்றுபோல் பட்டினி கிடப்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

"அப்படியானால் சார்ஜ் வோல்டேஜ் செட்டிங்கை 29.5 ஆக ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றும் உதவி மையத்தில் யோசனை சொன்னார்கள். அதை ஏற்க மாட்டேன். தப்பாக அளக்கும் கருவி நாளைக்கும் இதே அளவுதான் தப்பும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? திடீரென்று சரியாக அளக்கத் தொடங்கினால் பேட்டரி மிகையாக ஏறி, தண்ணீர் வற்றி, ஹைட்ரஜன் வாயு வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறும். வீட்டுக்குள் இருக்கும் பேட்டரி அறையில் அந்த ஆபத்தை நான் வரவழைத்துக்கொள்ள முடியாது. தவிர, உங்கள் மாடலில் லோடைத் துண்டிக்கும் அளவை மாற்றவே வழியில்லை.

தாமதம் ஆக ஆகப் பாதிப்பு கூடும். சார்ஜ் குறைவாக நிற்கும் பேட்டரியின் தட்டுகளில் படியும் சல்ஃபேட் புதிதாக இருக்கும்வரை முழு சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும், இறுகிப்போனால் போகாது. அதனால் கீழ்க்கண்டவற்றை உடனே செய்து தர வேண்டும்.

கன்ட்ரோலரை மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது திரையின் எண்ணையும் மீட்டரின் எண்ணையும் என் முன்னால் ஒப்பிட்டு, இரண்டையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதன்பின் பேட்டரி தயாரிப்பாளர் சொல்லும் வோல்டேஜில், காற்றோட்டம் பார்த்து, ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் சார்ஜ்) செய்து அடர்த்தியை மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் 1.265-ஐ நெருங்காத பேட்டரிகளை உங்கள் செலவில் மாற்ற வேண்டும். "வாடிக்கையாளர் அதிகமாகப் பயன்படுத்தியதால் பழுது" என்று டெக்னீஷியன் எழுதிய வரியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும்.

திரையும் மீட்டரும் ஒரே சட்டகத்தில் தெரியும் படங்கள், செல்வாரி அடர்த்திக் குறிப்பு, வாங்கிய ரசீதின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பழைய கன்ட்ரோலரைக் கழற்றி எடுத்துச் செல்வதற்கு முன், உங்கள் ஆளே மீட்டர் வைத்து ஒருமுறை அளந்து பதிவு செய்ய வேண்டும். அதுவரை அதை நான் கைமாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்