மஞ்சள் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது

பாளையங்கோட்டை
ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

நீ அனுப்பின போட்டோ வந்தது. குளிர் கோட்டில் தங்கச்சி ஆளே மாறிப்போயிருக்கிறாள். "ஸ்டாக்ஹோமில் கவிதா வீட்டுக்குப் பக்கத்து ரோடு. முட்டி வலி, இதற்கு மேல் நடக்க முடியவில்லை" என்று கீழே எழுதியிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே என் பொழுதெல்லாம் ஜியோகெஸ்ஸரில் கழிகிறது. லீவுக்கு வந்த பேரன் பழக்கிவிட்டுப் போன வினை. உன் மகள் கவிதா இருக்கும் ஸ்வீடன் நாட்டுக்காரர்தான், ஆன்டன் வாலென் என்பவர் 2013-ல் உருவாக்கிய விளையாட்டு. முதல் உலகக் கோப்பைகூட 2023-ல் அங்கே ஸ்டாக்ஹோமில்தான் நடந்தது. கூகுள்காரன் காரில் கேமரா வைத்து ரோடு ரோடாக எடுத்த ஸ்ட்ரீட் வியூ படம் ஒன்றைக் காட்டி, உலகத்தில் ஏதோ ஒரு ரோட்டில் உன்னை இறக்கிவிடும். ஊர்ப் பெயர் சொல்லாது. அக்கம்பக்கம் பார்த்து, மேப்பில் நீதான் புள்ளி வைக்க வேண்டும். சரியாக வைத்தால் 5000, தள்ளிப் போகப் போகக் குறையும். ஐந்து சுற்றுக்கு மொத்தம் 25,000. நான் 17,000 தாண்டினால் அன்றைக்கு இரண்டாவது காபி.

முதலில் மலையையும் கோபுரத்தையும் தேடிக்கொண்டிருந்தேன். "தாத்தா, ரோட்டைப் பாருங்க" என்றான் பேரன். அவன் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. வண்டிகள் இடது பக்கம் போய், ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு ஓடி, சூரியனும் வடக்கே நின்றால், தென்னாப்பிரிக்காவோ அதை ஒட்டிய நாடோதான். ரோட்டோரக் குட்டைத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டையின் நிறத்தை வைத்தே நாடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. கென்யாவில் எடுத்த படங்களில் கூகுள் காரின் காற்றுக்குழாய் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். கானாவில் கார் மேல் கம்பியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நொடியில் புள்ளி வைக்கிறார்கள். ஊரைப் பாருடா என்றால் வந்த வண்டியைப் பார்ப்பதா?

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு சுற்றில் தமிழ் போர்டு. பனை, மணல், வெயில். நம்ம பக்கம்தான் என்று யோசிக்காமல் தூத்துக்குடியில் புள்ளி வைத்தேன். பார்த்தால் மட்டக்களப்பு! ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. திரும்பப் போய்ப் பார்த்தேன். கடை போர்டில் கொட்டை எழுத்தில் "மரக்கறி" என்றிருக்கிறது. நம்மூரில் எந்தக் கடைக்காரன் காய்கறியை மரக்கறி என்று எழுதுவான்? ஸ்வீடனும் பிரேசிலும் படித்துப் பழகியவன், சொந்த மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. பேரனிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, உன் போட்டோ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். ரோட்டு நடுவில் கோடு மஞ்சள். ஸ்வீடனில் அது வெள்ளை. இடது ஓரத்தில் மூஸ் மான் படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகை, சிவப்புக் கரைக்குள் வெள்ளை. ஸ்வீடனில் உள்ளே மஞ்சளாக இருக்கும். இவ்வளவு போதும், ஆனாலும் தங்கச்சி தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த ஊர்ப் பலகையையும் விடவில்லை. அதில் ஓ எழுத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ஸ்வீடன்காரர்கள் மேலே இரண்டு புள்ளி வைப்பார்களே தவிர குறுக்கே கோடு போடமாட்டார்கள். டென்மார்க்கிலும் அந்தக் கோடு உண்டு, ஆனால் அங்கே ரோட்டு நடுக்கோடு வெள்ளை.

ஆக நீ நிற்பது நார்வேயில். கவிதா வீட்டிலிருந்து எல்லைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல்.

சின்னவள் வளைகாப்புக்கு வாடா என்று போன மாதம் கூப்பிட்டபோதும் இதே முட்டிதான். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பிளேன் எப்படி ஏறுவேன் என்றாய். வீட்டில் நானும் அப்படியே சொல்லி, திட்டு வாங்காமல் உன்னைக் காப்பாற்றினேன். இப்போது போட்டோவை வீட்டில் காட்டலாமா வேண்டாமா, நீயே சொல்லு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டி எப்படி இருக்கிறது?

உன்,
ராமலிங்கம்