வசந்தி தேறி வருகிறாள்

அன்புள்ள சந்திரா,

நீ பாட்டியான செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. தாய்க்கும் சேய்க்கும் என் ஆசி. வசந்திக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டிருந்தாய்.

அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்ஃபிரியா என்கிறார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே ஏறக்குறைய பாதிதான் வேலை செய்கிறது. பட்டினி, தொற்று, ஹார்மோன் மாற்றம், சில மருந்துகள், ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் போதும், கல்லீரலில் ஏ.எல்.ஏ., பி.பி.ஜி. என்ற பொருள்கள் அளவுமீறிச் சேர்ந்து ரத்தத்தில் கலக்கின்றன. நரம்பைக் கெடுப்பது முக்கியமாக ஏ.எல்.ஏ.தானாம்.

முதலில் தாங்க முடியாத வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் ஒரு டாக்டர், எல்லாம் மனசுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வலியே நரம்புக் கோளாறுதான், சந்திரா! குடலையும் இதயத்தையும் நடத்தும் நரம்புகள் கெட்டதால்தான் மலச்சிக்கல், படபடப்பு, பிரஷர் எல்லாம் சேர்ந்து வந்தன. அப்புறம் தோள் வலுவிழந்தது. சீப்பைப் பிடிப்பாள், தலைவரை தூக்க முடியாது. பிறகு மணிக்கட்டும் தொங்கிப்போயிற்று. நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளரவைக்கும் கில்லன்-பாரே என்ற வேறொரு நோய் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். வெளிச்சத்தில் இருந்த சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறியதை ஒரு நர்ஸ் கவனித்துச் சொன்ன பிறகே பி.பி.ஜி. பார்த்தார்கள். மூச்சுத் தசைகளைத் தொடுவதற்குள், ஹீமையே மருந்தாக்கிய ஹீமின் ஏற்றிவிட்டார்கள். அந்த நர்ஸை நான் மறக்கமாட்டேன்.

ஹீமின் தாக்குதலை அடக்கும். பட்டுப்போன நரம்பிழை தானாகத்தான் துளிர்க்க வேண்டும். நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்! அதனால் பக்கத்திலிருக்கும் தோள் முதலில் தேறியது, தொலைவிலிருக்கும் விரல்கள் பின்தங்கி நிற்கின்றன. இப்போது தானே தலை வாரிக்கொள்கிறாள், ஊக்கு மாட்டத்தான் வரவில்லை. பிசியோதெரபியை ஒரு நாளும் விடுவதில்லை. அடிக்கடி தாக்குதல் வருபவர்களுக்கு கிவோசிரான் என்று மாத ஊசி இருக்கிறது, 2019இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இவளுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

வசந்தியின் பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனை கொடுத்திருக்கிறோம். கோளாறான அந்த மரபணு ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாக்குதலே வருவதில்லை என்பதால் தைரியமாக இருக்கிறோம்.

உன் நாத்தனார் மகளுக்குக் காரணம் தெரியாமல் வயிற்று வலி வந்துவந்து போகிறது என்று எழுதியிருந்தாயே, வலி இருக்கும்போதே சிறுநீரில் பி.பி.ஜி. பார்க்கச் சொல். பாட்டிலில் வெளிச்சம் படக்கூடாது. முடிவு வந்ததும் உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
மீனா