வயலில் கிடக்கும் மணலுக்கு யார் கையெழுத்துப் போடுவது?

வெள்ள நிவாரணப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. மழைக்காலத்தில் போடும் பிசான நெல் போயிற்று, நிவாரணம் வந்தது, நன்றி. ஆறு கொண்டுவந்து போட்ட மணல் மட்டும் வயலில் அப்படியே கிடக்கிறது.

போன வாரம் எங்களைப் பெர்மாகல்ச்சர் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். இயற்கையைப் பார்த்து நிலத்தை வடிவமைக்கிற விவசாயம், 1970களில் ஆஸ்திரேலியாவில் மோலிசனும் ஹோம்கிரனும் உருவாக்கிய முறையாம். சம உயர வரப்பு, மண்ணை இலைதழையால் போர்த்தும் மூடாக்கு, வெட்டிவேர், பல அடுக்கு மரங்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். குறை சொல்லவில்லை. 1998இல் மிட்ச் புயல் அடித்த மத்திய அமெரிக்காவில், இப்படிப்பட்ட வேலைகளை முன்பே செய்திருந்த நிலங்களில் மேல்மண் கூடுதலாகத் தங்கியதை விவசாயிகளே அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்பே செய்திருந்தார்கள், ஐயா. எங்களுக்கு வெள்ளம் வந்து போய்விட்டது. முழங்கால் உயர மணலுக்கு மேல் எதை மூடாக்காகப் போடுவது?

பக்கத்து வயல் அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல். தினமும் காலையில் சாந்துச்சட்டியில் மணலை அள்ளி வரப்போரம் கொட்டுகிறார். ஒரு கோடை மழை பெய்தால் பாதி திரும்ப உள்ளே சரிகிறது. ஜேசிபி வைக்க அவருக்குக் காசில்லை. காசுள்ளவர்களுக்கோ வண்டியில் ஏற்றிப் போக அனுமதி இல்லை. அனுமதி கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறது. ராத்திரியில் ஆற்று மணல் அள்ளுகிறவர்களுக்கு எல்லா வழியும் தெரிகிறது. பட்டா நிலத்து மணலைப் பட்டப்பகலில் எடுக்க எங்களுக்குத்தான் வழியில்லை.

மணலை எடுக்க அனுமதி கொடுங்கள். அதைக் கொட்ட ஓர் இடம் காட்டுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

மணல் போன பிறகு உங்கள் பயிற்சி கட்டாயம் உதவும். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பும், மடக்கி உழுகிற பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டும்தான் செத்த மண்ணை எழுப்பும். அதற்கு விதை வேண்டும். வந்ததோ சான்றிதழ். ஓடுகிற தண்ணீரை நிறுத்தி வைக்கும் வித்தையும் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு குளம் நிரம்பி வழிகிற தண்ணீர் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகிற ஏற்பாடு இங்கே எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. அந்த மறுகாலில் வீடு கட்ட யார் விட்டார்கள்? கரை உடைகிறவரை குளங்களை யார் கவனித்தார்கள்? சரி, அதை இன்னொரு மடலில் கேட்கிறேன். பயிற்சியில் போட்ட மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள், தயவுசெய்து, மணல் எடுக்கும் அனுமதியை ஊரிலேயே ஒரு முகாம் போட்டுக் கொடுங்கள். ஜேசிபி வாடகையில் ஒரு பங்கையாவது சிறு விவசாயிகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். தக்கைப்பூண்டு விதையை முகாமிலேயே தந்தால் ஒரு நடை மிச்சம். தேதியை மட்டும் முன்கூட்டித் தெரிவியுங்கள், சிட்டா நகலோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசன விவசாயி ஒருவர்