ரொட்டி கேட்டு நடந்தவர்கள்

அன்புள்ள பாப்பா,

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி "சித்தி, பாஸ்டில் சிறையை உடைச்ச அன்னைக்கே ராஜா போயிட்டாரா?" என்று நீ போனில் கேட்டபோது அடுப்படியில் இருந்தேன். "இல்லடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1789 ஜூலை 14 அன்று பாரிஸில் பாஸ்டில் விழுந்தபோது உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். கூட்டம் அங்கே போனது முக்கியமாக வெடிமருந்துக்காக. ராஜா பதினாறாம் லூயி அதன் பிறகும் பாரிஸுக்கு வெளியே வெர்சாய் அரண்மனையில்தான் இருந்தார். அவரை அங்கிருந்து கிளப்பிய ஊர்வலம் தொடங்கிய நாள் அக்டோபர் 5. எனக்கு அந்த நாள்தான் பெரிது.

முந்தைய ஆண்டு ஆலங்கட்டி மழையில் பயிர் போனது. அப்புறம் கொடுங்குளிர். 1789 ஜூலையில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டியின் விலை பதினாலரை சூ (அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு). சாதாரணக் கூலியாளின் நாள் சம்பளமே 20 முதல் 30 சூதான். அங்கே ரொட்டி என்பது நமக்குச் சோறு மாதிரி. அது இல்லையென்றால் அன்றைக்குப் பட்டினி. ராணி "கேக் சாப்பிடட்டும்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டே, அதற்கு ஆதாரம் கிடையாது. தேர்வில் எழுதிவிடாதே.

அக்டோபர் 5 காலை பாரிஸில் சந்தைப் பெண்கள் திரண்டார்கள். மீன் விற்றவர்கள், துணி வெளுத்தவர்கள், ரொட்டிக் கடை வரிசையில் நின்று சலித்தவர்கள். நகர மன்றத்தில் புகுந்து ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, பீரங்கியையும் இழுத்துக்கொண்டு வெர்சாய்க்கு நடந்தார்கள். கொட்டும் மழையில் சுமார் இருபது கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான பெண்கள். அந்த நேரத்தில் ராஜா வேட்டையில் இருந்தார். சேதி போய்த்தான் திரும்பி வந்தார்.

சில பெண்கள் அவரை நேரில் பார்த்தார்கள், தானியம் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஆகஸ்டிலிருந்து தட்டிக்கழித்துவந்த மனித உரிமைப் பிரகடனத்தையும் அன்று இரவே ஏற்றுக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது, காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ராணி ரகசிய வழியாக ராஜாவின் அறைக்கு ஓடினார். பகலில் அரச குடும்பத்தின் வண்டி பாரிஸை நோக்கிப் புறப்பட்டது, கூடவே மாவு ஏற்றிய வண்டிகள். லூயி வெர்சாய்க்குத் திரும்பவே இல்லை.

அப்புறம் நடந்தது உன் புத்தகத்திலேயே இருக்கும். 1791இல் தப்பி ஓடப் பார்த்து வாரென் என்ற ஊரில் பிடிபட்டார். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் அவர் இருந்த துய்லெரி அரண்மனையை மக்கள் தாக்கினார்கள், செப்டம்பர் 21இல் முடியாட்சியே ஒழிந்தது. உன் கேள்விக்குப் பதில் இதுதான்: மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

சமூகம் மாறியதா என்றால், மாறியது. பிரபுக்களின் பிறப்புரிமைச் சலுகைகள் போயின. மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. விவாகரத்து உரிமை வந்தது. பிறப்பையும் திருமணத்தையும் தேவாலயத்துக்குப் பதில் ஊராட்சியே பதிவு செய்தது. செயிண்ட் டொமிங்கு என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் (இன்றைய ஹைட்டி) அடிமைகள் தாங்களே கிளர்ந்தெழுந்ததால் 1794இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. நெப்போலியன் 1802இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? ஒலாம்ப் து கூஜ் என்ற எழுத்தாளர் 1791இல் பெண்களுக்கென ஓர் உரிமைப் பிரகடனம் எழுதினார். கொலைமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு இருக்கிறது என்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் இருக்க வேண்டும் என்று அதில் கேட்டார். 1793 அக்டோபர் கடைசியில் பெண்களின் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. நவம்பர் 3 அன்று ஒலாம்பைத் தலை வெட்டும் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். ராஜாவை ஊருக்குள் இழுத்துவந்தவர்களின் வழிவந்த பெண்கள் அந்த நாட்டில் முதன்முறை வாக்களித்தது 1945இல்.

அந்த ஊர்வலத்தின் பழைய அச்சுப்படம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். தேடிப் பார். கையில் ஈட்டியோடு பெண்கள் பீரங்கியை இழுத்துக்கொண்டு போவார்கள். பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
சித்தி