சிஷோமை ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்காதீர்கள்

சென்னையின் பழங்கட்டடங்களைப் பேணும் பொதுப்பணித் துறைக்கும் தொல்லியல் துறைக்கும்,

வணக்கம்.

கடற்கரைச் சாலையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘இந்தோ சாரசெனிக் பாணி’ (இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கட்டடக் கூறுகளைக் கலக்கும் பாணி) என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அச்சொல் பொய்யன்று, ஆனால், ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் படிப்படியாகக் கற்றுக்கொண்டதை அது மறைத்துவிடுகிறது என்பதே என் முறையீடு.

1840-இல் லண்டனில் பிறந்த சிஷோம், 1864-இல் அறிவிக்கப்பட்ட போட்டியில் வென்று சென்னைக்கு வந்தவர். மாநிலக் கல்லூரிக்கு அவர் வரைந்த கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டது. அதில் இத்தாலியச் சாயலே மேலோங்கி நிற்கிறது. நம் மண்ணை அவர் அப்போது முழுதாகப் பார்த்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் கண்ணைத் திறந்தவை இரண்டு அரண்மனைகள். ஆளுநர் நேப்பியரின் ஆதரவில் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பணி அவரிடம் வந்தது. சேப்பாக்கத்திலோ, ஆர்க்காட்டு நவாபு 1768-இல் எழுப்பிய கலச மகாலையும் உமாயூன் மகாலையும் இணைத்து நடுவே ஒரு கோபுரம் கட்டினார். பழைய சுவரோடு புதுச் சுவரைப் பொருத்த வேண்டியவனுக்குப் பழையதை உற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை அல்லவா?

அந்தப் பாடத்தின் விளைவை 1879-இல் முடிந்த பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் காணலாம். பைசாந்திய, அதாவது கிழக்கு உரோமப் பேரரசின் பாணியிலான, குவிமாடமும் இசுலாமிய வளைவுகளும் அங்கே உறுத்தலின்றிக் கலந்து நிற்கின்றன. அடுத்த ஆண்டே நிறைவடைந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தில் அவர் குவிமாடத்தை விட்டுவிட்டுக் கேரளத்தின் சரிந்த கூரைகளைக் கையிலெடுத்தார். பருவமழை கொட்டும் ஊருக்கு எது பொருந்தும் என்று கேட்டுக் கட்டிய ஒருவரையும், சேப்பாக்கத்தில் கட்டியவரையும் ஒரே முத்திரையால் அடையாளப்படுத்துவது எப்படித் தகும்?

பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மான்ட் 1881-இல் மறைந்தபின் அதை முடித்துக் கொடுத்தவரும் சிஷோமே. பிறகு இங்கிலாந்து திரும்பினார். லண்டனின் ஸ்லோன் டெரசில் அவர் வரைந்த தேவாலயம் 1907-இல் எழுந்தது. காடகன் ஹால் என்ற பெயரில் இன்று அது இசையரங்காக விளங்குகிறது. அதுவும் பைசாந்தியப் பாணிதான்! செனட் மண்டபத்தில் கையாண்ட பாணியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் சொந்த ஊரில் அவர் மீண்டும் எடுத்ததாகவே நான் படிக்கிறேன். 1915-இல் அவர் காலமானார்.

ஆகவே, இக்கட்டடங்களுக்கு இனி விளக்கப் பலகை எழுதும்போது, ஆண்டையும் பாணியின் பெயரையும் மட்டும் பொறித்து முடித்துவிடாமல், எந்த வளைவு எந்த அரண்மனையிலிருந்து கற்கப்பட்டது என்பதையும் நல்ல தமிழில் எழுதுமாறு வேண்டுகிறேன். அதைச் சேப்பாக்கத்து நடுக் கோபுரத்திலிருந்து தொடங்கலாம்; நவாபின் சுவர் முடிந்து சிஷோமின் சுவர் தொடங்கும் இடம் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
அச்சாலையில் நாள்தோறும் நடப்பவன்