புருவத்துக்குப் போட்ட ஊசி, இமைய இறக்கிடுச்சு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் பெண்கள் பக்கத்துல முகச் சுருக்கத்தப் போக்குற போடாக்ஸ் ஊசி பத்தி போட்டிருந்தீங்க, பத்தே நிமிஷம், பயமே வேண்டாம்னு. எனக்கு எங்க அக்கா ஞாபகம் வந்துடுச்சு.

மக கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி பக்கத்து டவுன்ல ஒரு பார்லர்ல புருவத்து நடுவுல இருக்குற கோட்டுக்கும் கண்ணோர சுருக்கத்துக்கும் சேர்த்து போட்டுக்கிட்டா, போட்டவங்க டாக்டரான்னு கேக்கணும்னு கூட எங்களுக்குத் தோணல. அஞ்சாம் நாள் காலையில பாத்தா இடது இமை பாதிக்கு இறங்கிக் கிடக்கு, ஒரு கையால இமையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இன்னொரு கையால கோலப்புள்ளி வெக்கிறா. பக்கத்து வீட்டம்மா வாதம்னுட்டாங்க, அடுப்ப அணைச்சமான்னு கூட பாக்காம கிருஷ்ணகிரிக்கு ஓடினோம்.

கண் டாக்டர் கைய தூக்க சொல்லி, சிரிக்க சொல்லி எல்லாம் பாத்துட்டு வாதம் இல்லம்மான்னாரு, அப்பதான் உசுரே வந்துச்சு. இந்த மருந்து நரம்புலருந்து தசைக்குப் போற சேதிய நிறுத்திடும், புருவத்துல போட்டது கொஞ்சம் உள்ள இறங்கி இமையத் தூக்குற தசையையும் பிடிச்சிடுச்சுன்னாரு. மாத்து மருந்து கிடையாதாம், சில வாரத்துல தானா சரியாகும், அதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து இமைய ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூக்கிக் குடுக்குமாம், அவ்ளோதான். இன்னொண்ணு, கண்ணோர ஊசியால தூங்கறப்ப கண்ணு முழுசா மூடல, காஞ்சு போய் மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு மருந்து மணிக்கொரு தரம் விட்டுக்கிட்டே கல்யாண வேல பாத்தா பாவம்.

இதுல கூத்து என்னன்னா இந்த மருந்துக்கு அமெரிக்காவுல 1989ல மொதல்ல அனுமதி குடுத்ததே மாறுகண்ணுக்கும் இமை துடிப்புக்கும்தானாம், அழகுக்குன்னு குடுத்தது 2002லதான். கண்ணுக்குன்னு வந்த மருந்து கண்ணுல என்ன பண்ணும்னு போடுறவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சா சொல்ல வேணாமா? உருவம் ரெண்டா தெரிஞ்சாலோ, முழுங்கறதுக்கு, மூச்சு விடுறதுக்கு கஷ்டமா இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு டாக்டர் சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும். மயஸ்தீனியான்னு தசை சோர்ந்து போற வியாதி இருக்குறவங்க இதுகிட்டயே போகக் கூடாதாம்.

அடுத்த தடவ அந்தப் பக்கத்துல இதையும் நாலு வரி போடுங்கய்யா. அக்காவுக்கு முழுசா சரியாக ஏழு வாரம் ஆச்சு, கல்யாண ஆல்பத்துல எந்த போட்டோ எடுத்தாலும் முகத்தோட வலது பக்கத்த மட்டும் காட்டிக்கிட்டு நிக்கிறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம்