பாப்பாவுக்கு, லே ஓடுபாதை பற்றி

பாப்பாவுக்கு,

நேற்று லேயில் இறங்கிவிட்டேன். தம்பியின் கம்ப்யூட்டரில்தான். மார்க் கேட்காதே. சக்கரம் தரையில் பட்ட சத்தத்துக்கு ஹாலில் இருந்த அப்பா, "கீழ விழுந்திட்டியா?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

தம்பி ஓசூர் போனதிலிருந்து அந்த ஜாய்ஸ்டிக் சும்மா கிடந்தது. தெருவில் மற்ற ரிட்டயர்டு டீச்சர்கள் சீரியல் பார்க்கிறார்கள், நான் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஏர்பஸ் ஓட்டுகிறேன். நீ போன் செய்தால் உன்னோடு பேசிக்கொண்டிருப்பேன். நீதான் "ரீச்டு" என்று ஒரு வார்த்தையும் ஒரு கட்டைவிரலும் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாயே. நன்றாகத் தூங்குகிறாயா?

லேயைப் பற்றி நீ முன்பு சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. காலையில்தான் போவீர்கள், மதியத்துக்கு மேல் காற்று சரியிருக்காது, இறங்குவது ஓடுபாதையின் 07 என்ற முனையில், கிளம்புவது அதே பாதையில் எதிர்ப்பக்கம், 25. அன்றைக்குப் புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். ஓட்டிப் பார்த்த பிறகுதான் அதில் இருக்கிற கணக்கு பிடிபட்டது. ஓடுபாதையே 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இறங்கும்போது திரையில் வேகம் 140 நாட் என்றால், லேயிலும் அதே 140தான் காட்டுகிறது. ஆனால் காற்று மெலிந்துபோன இடம். ஆயிரம் அடிக்கு இரண்டு சதவீதம் கூட்டிப் பார்த்தால் நிஜத்தில் 170 வந்துவிடுகிறது. மூன்று டிகிரி சரிவுக்கு வேகத்தை ஐந்தால் பெருக்கச் சொல்லித் தந்தாய் அல்லவா? காற்று வீசாத நாளில் சென்னையில் நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும், லேயில் 850. சென்னைப் பழக்கத்தில் 700 வைத்தால் ஓடுபாதை காலுக்கடியில் நழுவிப் போய்விடும். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்தும்போது தென்னை மரத்தையும் அதன் நிழலையும் விட்டுவிட்டு இதை நடத்தியிருக்கலாம், நாலு பிள்ளைகளாவது தூங்காமல் இருந்திருக்கும்.

இந்தக் கணக்கை என் மகள் நூற்றெண்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு மனசிலேயே போடுகிறாள் என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. அதைப் போன வாரம் கோயிலில் ஒருத்தரிடம் சொல்லியும் விட்டேன். கோபிக்காதே.

அப்புறம் பூட்டானில் இருக்கிற பாரோ. 7,300 அடியில் ஒரு பள்ளத்தாக்கு, ரேடியோ சிக்னலில் வழிகாட்டி இறக்குகிற ஐஎல்எஸ் கிடையாது, பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மாஞ்சோலை பஸ் கொண்டை ஊசி வளைவில் ஒடிக்கிற மாதிரி, மலைச்சரிவில் இருக்கிற வீடுகளை ஒட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது. நிமிர்ந்து நேராவதற்குள் ஓடுபாதை வந்துவிடுகிறது. ஹாங்காங்கின் பழைய கை டக்கையும் தம்பி ஏற்றி வைத்திருக்கிறான். குன்றின் மேல் கட்டம் கட்டமாகப் பெயின்ட் அடித்திருக்கும், அதை நோக்கிப் போய்க் கடைசியில் வலப்பக்கம் 47 டிகிரி திரும்ப வேண்டும், கீழே முழுக்க மொட்டை மாடிகள். நீ பிறந்த வருஷம், 1998 ஜூலையில், அதை மூடிவிட்டார்கள். நல்ல காரியம். உனக்கு அந்த வேலை இல்லை.

நேபாளத்து லுக்லா எனக்குப் பிடிக்கவில்லை. 527 மீட்டர் பாதை, மேட்டைப் பார்த்து ஏறுகிறது, முடிகிற இடத்தில் மலை. இறங்க ஆரம்பித்துவிட்டால் கோ அரவுண்ட் என்பதே கிடையாது. நீ போகிற ஊர்களில் எல்லாம் உண்டு. சரியில்லை என்று தோன்றினால் மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, எரிபொருள் இருக்கிற வரைக்கும் யோசித்து, வேறு ஊருக்கே போய்விடலாம். வேறு ஊரில் இறங்கியதற்காக யாரும் லைசென்ஸைப் பிடுங்குவதில்லை.

தூக்கம் பற்றிக் கேட்டிருந்தேன். பைலட்டுகளுக்கு வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியிருப்பதாகப் பேப்பரில் வந்தது. அதை முழுசாகத் தூங்கு. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காதே. ராத்திரி தயிர் வேண்டாம்.

மங்களூர் விமான விபத்து நடந்தபோது உனக்குக் கோடை லீவு. 2010 மே 22. நாள் முழுக்க டிவியை அணைக்க விடவில்லை நீ. 158 பேர் போனார்கள். பைலட் ஆவேன் என்று அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாய், அதற்கு மறுநாளும் சொன்னாய். எனக்கு அடிவயிறு கலங்கியது, பெருமையாகவும் இருந்தது. விசாரணை அறிக்கையில் இருப்பதை நீயே பின்னால் சொன்னாய். இடது சீட்டில் இருந்த கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார், காக்பிட் ஒலிப்பதிவில் அது கேட்கிறது. வலது சீட்டில், உன் சீட்டில், இருந்தவர் மூன்று முறை கோ அரவுண்ட் என்றிருக்கிறார். எட்டாயிரம் அடிப் பாதையில் ஐயாயிரத்துக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் பட்டிருக்கிறது. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார், கேட்கத்தான் ஆள் இல்லை. நம் வீட்டில் நீ எது சொன்னாலும் கேட்க ஆள் உண்டு. அப்பாவைச் சொல்லவில்லை.

நீ சொல்ல மாட்டாய், தெரியும். எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தவள்தானே. நான் தினமும் சோறு வடிக்கிறவள் என்பதுகூட உனக்குத் தோன்றவில்லை.

டெல்லி அத்தான் பத்திரிகை வைக்க உன் ஃப்ளாட்டுக்கு வந்தானாம். மணி அடித்தும் திறக்கவில்லையாம். உன் கார் நின்றதாம், கண்ணாடியில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி படிந்து. டெல்லித் தூசி அப்படித்தான்டா, அவள் ஃப்ளைட்டில் இருந்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் என்னவோ சொன்னதாக ஆரம்பித்தான். அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லார் மேலும் குறை கண்டுபிடிக்கிறாள்.

இன்னொன்று. லோனைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். சில மாதங்களுக்கு மாதத் தவணை என் பென்ஷனிலிருந்து போகும். அப்பாவிடம் பேசியாயிற்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. உன் அறையில் ஃபேன் மாற்றியிருக்கிறோம். முன்பு போல் சத்தம் இல்லை.

இட்லிப்பொடி, எள்ளுப்பொடி, உடன்குடிக் கருப்பட்டி மூன்றையும் கூரியரில் போட்டிருக்கிறேன். எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று கவுண்டரில் கேட்டார்கள். பகலில் எப்போது போனாலும் இருப்பாள் என்று எழுதிக் கொடுத்தேன். மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திற.

அம்மா